நீச்சல் தெரியாத சித்தப்பா

எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் என் சித்தப்பா. அந்தச் சித்தப்பாவுக்கு நீச்சல் தெரியாது என்று அப்பா சொன்னார், அம்மா சொன்னாள், ஊரே சொன்னது. கடைசியில் நானும் சொன்னேன். அப்போது எனக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தது. பொய் சொன்னால் நாக்கு அழுகிப்போகும் என்று ஞானோபதேச வகுப்பில் படித்து முடித்திருந்த வயது. நாக்கு அழுகவில்லை. இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது. என் மருமகள்களைக் கேட்டால் சாட்சி சொல்வார்கள்.

வில்லியனூருக்கு மேற்கே, ரயில் ஊதுவது காதில் விழுகிற தூரத்தில் எங்கள் ஊர். மாதா கோயிலைச் சுற்றி கிறிஸ்தவர்களான வேதக்காரர் வீடுகள், அதைத் தாண்டினால் நெல்லும் கரும்பும், அதையும் தாண்டினால் செஞ்சியாறு. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் தங்கவில்லை. அப்பாவுக்குக் கழனி, அம்மாவுக்கு அடுப்பும் மாடும், எனக்குச் சனிக்கிழமை. வாரத்தில் மற்ற நாளெல்லாம் நான் சும்மா உயிரோடு இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் சனிக்கிழமை சாயங்கால ரயிலில் சித்தப்பா வருவார். அப்பாவின் தம்பி, ஆனால் அப்பாவுக்கு மகனாகவே இருக்கக்கூடிய வயது. அவர்களுடைய அப்பா சீக்கிரமே போய்விட்டதால் என் அப்பாதான் அவரைத் தோளில் போட்டு வளர்த்தார். புதுச்சேரியில் உறவுக்காரர் ஒருவர் வீட்டில் தங்கி கொலேஜில் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் பங்குச் சாமியார், இன்னொருவர் சித்தப்பா. அந்தப் பெருமையில் நான் தெருவில் நடக்கும்போது என் மூக்கே கொஞ்சம் மேலே நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டு, ஊர் படுத்த பிறகு நாங்கள் இருவரும் கழனிக் கிணற்றுக்குப் போவோம். பொட்டைப்பிள்ளைக்கு நீச்சல் ஒரு கேடா என்று கேட்கிற காலம் அது. சித்தப்பா அதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தார்.

"ஆறு, ஏரி, கெணறுன்னு சுத்தித் தண்ணியா கீது. ஆம்பள மட்டும் கரையேறணும், பொட்டப்புள்ள முழுகணுமா? இது இன்னாடி நாயம்?"

வைக்கோல் போரில் ஒளித்து வைத்திருந்த காய்ந்த சுரைக்குடுக்கையை எடுத்து என் முதுகில் வைத்து, பழைய வேட்டிக் கிழிசலால் கட்டுவார். துணியை இடது அக்குளுக்குக் கீழே கொண்டுவந்து, முயல்காது மாதிரி ஒற்றைக் காது விட்டு ஒரு முடிச்சு. நனைய நனைய இறுகும். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் சட்டென்று அவிழும். "பயந்தா இந்த முனைய இழு" என்பார். இந்த முடிச்சு தன்னைத் தவிர உலகத்தில் ஒருவனுக்கும் தெரியாது என்றும் அளப்பார். நான் நம்பினேன். பிறகு அவர் குதிப்பார். கிணற்றின் அடி மண்ணைக் கையில் அள்ளிக்கொண்டு மேலே வருவார்.

வீட்டில் மூச்சு விடக் கூடாது என்று மாதா பேரில் சத்தியம் வாங்கியிருந்தார். அப்பா இருக்கும்போது அவர் கிணற்றுப் பக்கம் எட்டிப் பார்த்து நான் கண்டதில்லை. ஆகவே நான் நீந்துவது மட்டுமல்ல, அவர் நீந்துவதும் எங்கள் இருவருக்குள் இருக்கிற ரகசியம் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை ரயில் ஊதியது, சித்தப்பா வரவில்லை. மறுநாள் பூசை முடிந்து வெளியே வரும்போது, அவர் தங்கியிருந்த வீட்டுக்காரர் புதுச்சேரியிலிருந்து வந்து நின்றார்.

"தம்பிக்கு ஒடம்பு தேவலையாண்ணே? வியாழக்கெழம ஊருக்குப் போறேன்னு கெளம்பிச்சே."

அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்தார், திரும்பவும் தோளில் போட்டுக்கொண்டார். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நசுங்கியது.

ஆற்றில் வைத்த மீன் பறியைத் தூக்கப் போனவர்கள்தான் சித்தப்பாவைக் கரையோரத் தண்ணீரில் கண்டெடுத்தார்கள். எங்கள் வாசலில் கூடியவர்கள் பேசியதில் சில விஷயங்கள் என் காதில் விழுந்தன. அந்த இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதான். செருப்பு இரண்டும் கரையில் ஜோடியாகக் கிடந்தன. கண்ணாடியைக் காணவில்லை. இடது காதுக்கு மேலே ஒரு காயம். அன்றைக்குப் பேசியதோடு சரி. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் தாமாக அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

ஊர் வாய் மட்டும் சும்மா இருக்குமா? கொலேஜ் சோதனையில் தவறிவிட்டாராம் என்றது ஒரு வாய். தேர்தல் கட்சிக்காரர்களோடு தகராறாம் என்றது இன்னொன்று. டவுனில் எவளோ ஒருத்தியாம் என்று கிசுகிசுத்தது மூன்றாவது. எனக்கு அவர்கள் பேசுகிற ஆளையே தெரியவில்லை.

பொலிசு வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அப்பா நடுங்கியது பொலிசுக்கு அல்ல, சாமியாருக்கு. எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு மதில் உண்டு. உள்ளே மந்திரித்த மண். தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்த மண் கிடையாது. மதிலுக்கு வெளியே, சப்பாத்திக்கள்ளி ஓரத்தில் குழி. மணி கிடையாது, செபம் கிடையாது. எங்கள் தெருவில் கிணற்றில் விழுந்த ஒரு பெண் அங்கேதான் இருந்தாள். கல்லறைத் திருநாளுக்கு ஊரே உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றும்போது அவளைப் பெற்றவள் மட்டும் வெளியே கள்ளிக்குப் பக்கத்தில் தன் மெழுகுவர்த்தியைக் காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த வருஷத் திருநாள் கிட்டத்தில் இருந்தது.

சாமியார் பிரெஞ்சுக்காரர். எங்களைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார். அதனாலேயே பாதி புரியாது. அவர் வாசலுக்கு வந்ததும் அப்பா முழங்காலில் விழுந்தார்.

"தண்ணின்னாலே அவனுக்கு ஆவாது சாமி. நீச்சல் தெரியாத புள்ள. கெணத்துப் பக்கம்கூட நான் வுட்டதில்ல. கால் கழுவ எறங்கியிருப்பான், வழுக்கிட்டிருக்கும்."

அம்மா தலையை ஆட்டினாள். பக்கத்து வீட்டார் ஆட்டினார்கள். சாமியார் எல்லோரையும் பார்த்துவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் நின்ற என்னைக் கூப்பிட்டார்.

"குழந்தாய், நீ சொல். உன் சிற்றப்பனுக்கு நீந்தத் தெரியுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் பார்க்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சாமியாரும் தெரியவில்லை, சாவும் தெரியவில்லை. சத்தியம்தான் ஞாபகம் வந்தது. இத்தனை பேருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்; அதை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

"சித்தப்பாவுக்குத் தண்ணின்னா பயம் சாமி" என்றேன். அது போதாதோ என்று தோன்றியது. "குளிக்கறதுகூட செம்புல மொண்டுதான் ஊத்திக்குவாரு."

சாமியார் என் தலையில் கை வைத்தார். பிறகு கோயில்பிள்ளையைத் திரும்பிப் பார்த்து, மணி அடிக்கச் சொன்னார்.

முதல் மணி விழுந்ததும் அப்பா அழுதார். அதுவரை அழாதவர், சுவரில் தலையை வைத்துக்கொண்டு மாடு கத்துவது மாதிரி அழுதார். பெட்டியைத் திறக்காமலே கோயிலுக்குள் கொண்டுபோய், மதிலுக்குள்ளே, தாத்தாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நான் ஒரு பிடி மண் போட்டேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடம் சொல்வது? சொல்ல வேண்டிய ஒரே ஆள் அந்தப் பெட்டிக்குள் இருந்தார்.

அதற்குப் பிறகும் சனிக்கிழமைகள் வந்தன. ரயில் ஊதும். நான் தெருமுனை வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்புவேன். யாரும் ஏன் போனாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் தனித்தனியாக இருந்தோம்.

மார்கழியில் புதுச்சேரி உறவுக்காரர் சித்தப்பாவின் துணிப்பெட்டியையும் புத்தகங்களையும் கொண்டுவந்தார். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு டேசன்ல தம்பிகூட ரெண்டு பேரு எறங்கினானுங்களாம். பாத்தவன் இருக்கறான். காதுக்கு மேல காயம் எப்பிடிண்ணே வரும்? வாங்க, பொலிசுல சொல்லுவோம்."

"கரையில வழுக்கிச்சு. அடிபட்டுச்சு. நீச்சல் தெரியாத புள்ள."

"அண்ணே..."

"அவன் உள்ள படுத்துக்கினு கீறான். அது போதும். நீ சாப்ட்டுட்டுப் போ."

அப்பா மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இவருக்குத் தம்பி மேல் பாசமே இல்லை என்று முடிவு கட்டி, ரொம்ப நாள் அவர் தட்டில் சோறு போடக்கூட மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு திரிந்தேன். வழக்கு என்று போனால் நீச்சல் தெரியாது என்ற பேச்சைத்தான் முதலில் மாற்ற வேண்டும், அடித்தவன் அகப்படாவிட்டால் தானாகத்தான் விழுந்தான் என்று ஆகிவிடும், அப்புறம் அந்த மதிலுக்கு வெளியே தோண்ட வேண்டிவரும் என்பதெல்லாம் எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகு புரிந்த கணக்கு. அந்த இரண்டு பேர் யார்? வியாழக்கிழமை ஏன் கிளம்பினார்? ஓடிப்போய் விழுந்தவனுக்கும், தள்ளி விடப்பட்டவனுக்கும் செருப்பை ஜோடியாக விட நேரம் ஏது? அப்பா இதையெல்லாம் தன்னோடு மதிலுக்குள் கொண்டுபோய்விட்டார்.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில், வெயில் ஏறிய ஒரு மத்தியானம், வைக்கோல் போரிலிருந்து குடுக்கையை எடுத்துக்கொண்டு தனியாகக் கிணற்றுக்குப் போனேன். முதுகில் வைத்துக் கட்டப் பார்த்தேன். கை எட்டவில்லை. குடுக்கை நழுவி நழுவிக் கீழே விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நிமிர்ந்தால் வரப்பில் அப்பா.

முதுகுத்தோல் உரிந்தது என்றே நினைத்தேன். அப்பா படியில் இறங்கி வந்தார். குடுக்கையை எடுத்து ஆட்டிப் பார்த்தார், ஓட்டை இருக்கிறதா என்று. என்னைத் திருப்பி நிறுத்தி, துணியை இடது அக்குளுக்குக் கீழே கொண்டுவந்தார். ஒற்றைக் காது விட்டு ஒரு முடிச்சுப் போட்டார்.

"பயந்தா இந்த முனைய இழு" என்றார்.

நான் தண்ணீரில் இறங்கினேன். அப்பா கடைசிப் படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நீந்தவே மனசில்லை. இந்த ஆளுக்கும் சித்தப்பா ரகசியமாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று, அன்றைக்கு முழுக்க எனக்குச் சித்தப்பா மேல்தான் கோபமாக இருந்தது.