மேலண்ணத்தில் ஒரு அபூர்வம்

திண்டுக்கல் கடைவீதியில் இருந்த அந்தப் பல் டாக்டர் கையில் எந்நேரமும் டார்ச் லைட் இருக்கும். என் மேலண்ணம் கொட்டைப்பாக்கு அளவு வீங்கி, சோறு இறங்கவில்லை. முன்பற்களைத் தட்டிப் பார்த்தார்.

"பல்லுல கோளாறு இல்ல. இது எலும்புக்குள்ள வளர்ற நீர்க்கட்டி. புஸ்தகத்துலதான் பாத்திருக்கேன்" என்றவர், பக்கத்துத் தோல் மண்டி பாயைக் கூப்பிட்டு என் வாய்க்குள் வெளிச்சம் அடித்துக் காட்டினார். பிறகு வாசலில் போன வாத்தியாருக்கும்.

"எப்ப அறுப்பீக?" என்றேன்.

"செத்தப் பொறுங்க. செம்பட்டி டாக்டர் சந்தையன்னைக்கு வாராரு. அவரும் பாக்கணும்ல."

பொறுக்க முடியாமல் மதுரையில் அறுத்துக்கொண்டு வந்தேன். பல் டாக்டர் என் வாய்க்குள் பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்தார்.

"நல்லா ஆறியிருக்கு" என்றார், துக்கவீட்டுக் குரலில். "கட்டியையாவது கேட்டு வாங்கிட்டு வந்திருக்கலாம்ல?"

என்னை அவ்வளவு ஆசையாகப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு யாருமில்லை.