நூலக்கா பூட்டிய பினியன்

நூலக்காவுக்குக் காது போனது பல்சக்கரத் தொழிற்சாலையில். அங்கே சோதனை அறையில் பதினேழு வருஷம் இருந்தார். காரின் பின்னச்சுக்குள் கிரௌன் என்று ஒரு பெரிய பல்வட்டம் இருக்கும், அதைச் சுழற்ற பினியன் என்று ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும். இரண்டையும் ஜோடி சேர்த்து ஓடவிட்டு, பல்லோடு பல் எங்கே உரசுகிறது என்று பார்ப்பதுதான் உத்தியோகம். ஒரே நேரத்தில் எட்டு ஜோடி கத்தும். முதலில் குருவிச் சத்தம் கேட்காமல் போயிற்று, அப்புறம் வீட்டு அழைப்பு மணி. தொழிற்சாலையை இழுத்து மூடியபோது அவருக்கு மிச்சமிருந்த செவி கொஞ்சம்தான். எதிரே நின்று பேசினால் பாதியைக் காதால் கேட்டு, மீதியை உதட்டைப் பார்த்துப் பொறுக்கிக்கொள்வார்.

பேர் வந்த கதை வேறு. பட்டறைக்காரர்கள் கணக்கில் நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. "அந்த நூலை இருபதாப் பிரிங்க. அதுல ஒரு பங்குதான் பல்லுக்கு நடுவுல ஆட்டம் இருக்கணும்" என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். பேர் ஒட்டிக்கொண்டது.

தொழிற்சாலை மூடியதும் கொழுந்தன் தன் கார்ப் பட்டறைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். வாசலில் மேஜை போட்டு உட்காரவைத்து, தொலைபேசியை எடுக்கச் சொன்னார். காது கேட்காதவரைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்த அந்த மகானுபாவரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஒரே வாரத்தில் நூலக்கா மேஜையை விட்டு எழுந்து உள்ளே போனார். பின்னச்சு வேலை என்றாலே அங்கே எல்லாரும் ஓட்டம் பிடிப்பார்கள். அந்த வேலையை அவர் எடுத்துக்கொண்டார்.

பினியனுக்கு அடியில் காகிதம் போன்ற தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும், அது எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும் என்று பார்ப்பார். கிரௌனைப் பக்கவாட்டில் இம்மி இம்மியாக நகர்த்துவார். டயல் கேஜின் முள்ளைப் பல்லில் சாய்த்துவைத்து ஆட்டத்தை அளப்பார். பிறகு பல்லில் மஞ்சள் பசையைத் தடவிச் சுற்றுவார். பசை அழிந்த இடம் பல்லின் நடுவில் விழுந்தால் சரி. நுனிக்கோ அடிக்கோ ஓடினால் எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து தொடங்குவார். நாலு தடவை, ஐந்து தடவை பிரிக்கவும் சலித்ததில்லை. கடைசியில் பினியன் நட்டை இறுக்கி, நட்டில் ஒன்று, தண்டில் ஒன்று என்று நேருக்கு நேராகப் புள்ளி குத்திவைப்பார்.

ஆறு வருஷத்தில் அவர் பூட்டியது ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஏழாம் வருஷம் ஒரு வேன் வந்தது.

அலுவலகங்களுக்கு ஆள் ஏற்றும் வேன். அக்கா பூட்டிக் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வண்டி வேகமெடுத்தால் பின்னால் ஊளை கேட்கிறது என்று வேன்காரர் வந்து நின்றார். வேலை செய்தது யாரென்று கொழுந்தன் சொன்னதும், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அவர் சொன்னார்:

"காது கேக்காத அம்மா கையில கொடுத்தா பின்ன எப்படிங்க இருக்கும்? சத்தம் வருதா இல்லையான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

வேனின் பக்கக் கண்ணாடியில் அவர் உதடு தெரிந்தது. நூலக்கா கண்ணாடியைப் பார்த்துத்தான் நின்றிருந்தார்.

"சத்தம் வந்தப்புறம் கேக்குறது உங்க வேலைங்க. வராமப் பூட்டுறதுதான் என் வேலை. வண்டியை எடுங்க, போய்ப் பார்ப்போம்."

போனார்கள். அக்கா பின் இருக்கையில் உட்காரவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதிர்வை உணர அதன் தகட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். பட்டறைக்குத் திரும்பியதும் வண்டிக்கு அடியில் நுழைந்து பினியன் நுழைகிற பின்னச்சின் மூக்கைத் தொட்டவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். அடுப்பில் கிடந்த சட்டி போலச் சுட்டது. பல் ஊளையிட்டால் மூக்கு இப்படிக் கொதிக்காது. கொதிப்பது பேரிங். விளக்கைப் பிடித்துப் பார்த்தார். எண்ணெய் ஒழுகாமலிருக்க அவர் போட்ட ஆயில் சீல் வளையம் அங்கே இல்லை. புத்தம்புதிதாக ஒன்று இருந்தது.

வேனைக் கொடுத்தபின் நடுவில் அக்கா கடைவாய்ப் பல் பிடுங்க இரண்டு நாள் விடுப்பு எடுத்திருந்தார். ஆயுள் முழுக்கப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தவர், தன் பல்லுக்காக எடுத்த ஒரே விடுப்பு. அந்த இரண்டு நாளில்தான் வேன்காரரின் ஆள் ஒருவர், எண்ணெய் ஒழுகுகிறது என்று வேனைக் கொண்டுவந்திருக்கிறார். கொழுந்தன் தானே பினியன் நட்டைக் கழற்றி ஆயில் சீலை மாற்றி, காற்றழுத்தத்தில் சுழலும் ஏர் கன்னை வைத்து நட்டைத் திரும்ப இறுக்கி அனுப்பியிருக்கிறார்.

அக்கா வெளியே வந்து பார்த்த பார்வையிலேயே கொழுந்தனுக்குப் புரிந்துவிட்டது. கையைப் பிடிக்காத குறையாக டயர் அடுக்குக்குப் பின்னால் அழைத்துப்போனார். காது கேட்காதவரிடம் ரகசியம் பேசுவது லேசான காரியமா? குரலைத் தாழ்த்தினால் அவருக்குக் கேட்காது, உயர்த்தினால் ஊருக்கே கேட்கும். வாயை அகல அகலத் திறந்து, சத்தமில்லாமல் சொன்னார்:

"அண்ணி, காதுனால வந்த கோளாறுன்னு நீங்க ஒத்துக்கிட்டா அதோட முடிஞ்சிரும். அவரும் பாவம்னு விட்டுருவாரு. நான்னு தெரிஞ்சா கடை பேரு கெட்டுரும்."

நூலக்கா அவரையே பார்த்தார். பாவம் என்ற சொல்லை உதட்டில் படித்தார். தொழிற்சாலையிலும் கடைசி நாளில் மேலாளர் அதே சொல்லைத்தான் சொன்னார். அன்றைக்கு அக்கா தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார்.

"என் காதை என்ன வேணா சொல்லுங்க தம்பி, அது உள்ளதுதான். என் கையைச் சொல்லாதீங்க" என்றார். அவர் ரகசியக் குரலே அடுத்த தெரு வரைக்கும் போகும். "ஏர் கன் வச்சு நட்டை இறுக்கினது நீங்களா, நானா?"

வேன்காரர் டயர் அடுக்கைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

அவர் கண்ணெதிரிலேயே அக்கா பிரித்தார். முதலில் நட்டைக் காட்டினார். நட்டின் புள்ளி தண்டின் புள்ளியைத் தாண்டி அரை விரல் அகலம் போயிருந்தது. நட்டுக்குப் பின்னால் ஒரு மெல்லிய இரும்புக் குழல் இருக்கும். இறுக்க இறுக்க அது நசுங்கி, பேரிங்குக்கு வேண்டிய பிடியைக் கொடுக்கும். அளவுக்கு மேல் நசுங்கினால் குப்பைக்குத்தான். இங்கே அது அப்பளமாகியிருந்தது. பேரிங் உருளைகள் நீலம் பாய்ந்து கிடந்தன. பிறகு பல்லில் பசை தடவிச் சுற்றினார். தடம் நட்டநடுவில் விழுந்தது.

"பாத்துக்குங்க. பல்லு நான் வச்ச இடத்துலதான் நிக்குது."

வேன்காரர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். "அது உங்க வீட்டுச் சண்டைங்க. எனக்கு வண்டி ஓடணும்" என்றார். அக்கா புதுக் குழலும் பேரிங்கும் போட்டுப் பூட்ட, மறுநாள் சாயங்காலம் சத்தமில்லாத வண்டியை எடுத்துக்கொண்டு போனவர், அந்தப் பட்டறைப் பக்கம் பிறகு வரவில்லை. போன இடமெல்லாம் செவிட்டம்மா கதையைத்தான் சொன்னார் என்று கேள்வி.

கொழுந்தன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள், "இனிமே முன்னாடி மேஜையிலேயே இருங்க அண்ணி. பின்னச்சு வேலைக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார். அக்கா மேஜைப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. தன் சொந்தச் சாமான்களான டயல் கேஜையும் தகட்டு டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்காரர் பள்ளிக்கூட எழுத்தர். தம்பிக்கும் மனைவிக்கும் நடுவில் இரண்டு பக்கமும் தலையாட்டியே காலம் தள்ளியவர். அக்கா சாப்பாட்டு மேஜையின் விரிப்பை உருவிவிட்டு, "இது இனிமே எனக்கு வேணும்" என்றார். மனிதர் எழுந்து போய், மேஜையின் ஆடும் காலுக்கு அடியில் கட்டை வைத்து ஆணி அடித்தார். தம்பியின் வீட்டுக்கு மறு வாரம் தனியாகப் போய் அக்காவுக்காகப் பேசிவிட்டு வந்தார் என்பது அக்காவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பல வண்டிகளில் அந்தப் பல்சக்கரப் பாகத்தை மட்டும் தனியாகக் கழற்றிவிடலாம். வண்டி வர வேண்டியதில்லை. ஊரில் இருந்த மற்ற பட்டறைகள் சாக்கில் சுற்றி அனுப்பத் தொடங்கின. வாசலில் அக்கா தன் கையால் எழுதி ஒட்டினார்: "பின்னச்சுப் பல் பூட்டப்படும். எனக்குக் காது கேட்காது. கதவைத் தட்ட வேண்டாம், உள்ளே வரவும்." அதில் நடு வரியைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு மத்தியானம் கொழுந்தன் சாக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க உள்ளே வந்தார். புதிதாக வைத்த ஆள் மூன்று முறை பூட்டியும் ஊளை நிற்கவில்லை.

"மேஜையில வைங்க தம்பி" என்றார் அக்கா. "யாரு பூட்டினது, எத்தனை தடவை பிரிச்சது, எல்லாத்தையும் என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

கொழுந்தன் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. முடித்துவிட்டு, "பட்டறைக்கு எப்ப அண்ணி வருவீங்க?" என்றார்.

"வரமாட்டேன். வியாழக்கிழமை வந்து எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, அக்கா சாக்கைப் பிரிக்கத் தொடங்கினார்.