மிச்சம் மூண்டு செக்கன்

வாசகரே, நான் கொடுத்த ஒரு வாக்குக்கு நீங்களே சாட்சியாக இருங்கள். இன்று மன்னாரில் விவாத மேடையில் நான் நின்றபோது, நேரக்கணிப்பாளர் கடைசி விநாடிகளைக் கையசைத்து எண்ணினார். பன்னிரண்டு வயதில் ஒரு நடுவரின் கை அப்படி அசையக் கண்டிருக்கிறேன்.

உப்புக்காற்று வீசிய அந்தக் கூடைப்பந்து இறுதியாட்டத்தில் நாங்கள் ஒரு புள்ளியால் முன்னிலையில் இருந்தோம். எங்கள் பாதியிலிருந்து பந்தை எட்டு விநாடிக்குள் மறுபாதிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஐந்து கழிந்தபோது எதிரணி அதைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டது; பந்து மீண்டும் எங்களுக்கே கிடைத்தது. அணித்தலைவனான நான், பந்தை வாங்கிய எங்கள் ஆட்டக்காரனிடம் முழங்கினேன்: “ரொஷான், ஆறுதலா விளையாடடா! திரும்ப ஒண்டிலயிருந்துதான் எண்ணுவினம்.”

அவன் நம்பினான், எங்கள் பாதியிலேயே நிதானமாகப் பந்தைத் தட்டினான். நடுவரின் கை மூன்று முறை அசைந்தது; விசில் ஒலித்தது.

“பந்து வெளியால போனாலும் எண்ணினது அழியாது தம்பி. மிச்சம் மூண்டு செக்கன்தான் இருந்தது,” என்றார் நடுவர். பந்து எதிரணிக்குப் போனது. அதனோடு வெற்றியும் போனது.

“நித்திரை கொண்டனியோடா?” என்று எல்லோரும் ரொஷானை ஏசினார்கள். அவன் என்னைப் பார்த்தான், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. பேச்சுப்போட்டிகளில் பரிசு வாங்கிய நான் வாயடைத்து நின்றேன். அந்த மௌனம் எட்டு விநாடியைத் தாண்டியபோது, பொறுக்கமாட்டாமல் உரக்கச் சொன்னேன்: “பிழை அவனில இல்லை, நான்தான் சொன்னனான். இனித் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிச் சத்தமாச் சொல்லமாட்டன்.”