அன்பியம் குழுவில் வந்த சனிக்கிரகம்

பிரகாசம் புதிதாக எதை ஆரம்பித்தாலும் முதலில் காணாமல் போவது மனைவி ரோஸியின் பொருள்தான். மீன் வளர்த்தபோது அவளுடைய அரிசி டிரம் தொட்டியானது. ஒரே மீன் மற்றதையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, தானும் செத்து மிதந்தது. காளானுக்காக அவளுடைய துணி அலமாரி இருட்டறையானது. காளானைத் தவிர மற்றதெல்லாம் முளைத்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டை அளந்து பார்த்து நொட்டை சொல்கிற வேலை அவனுக்கு. வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தக் கண் எங்கே போகிறது என்பது ரோஸிக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்த வருஷம் டெலஸ்கோப். பார்த்தால் மட்டும் போதாதாம், போட்டோவும் எடுக்க வேண்டுமாம். வெப்கேமராவின் முன் லென்ஸைக் கழற்றிவிட்டு, பழைய ஃபிலிம் டப்பாவில் பொருத்தி, டெலஸ்கோப்பில் கண் வைக்கிற இடத்தில் சொருகினால் கிரகம் லேப்டாப்பில் வந்து உட்காரும் என்று யாரோ வீடியோவில் சொல்லியிருந்தார்கள். "உங்கள் வெப்கேமரா" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்த "உங்கள்" பிரகாசத்தின் காதில் விழுந்திருக்காது.

ரோஸி பூந்தமல்லியில் ஒரு பிளவுஸ் கடையில் பதினோரு வருஷம் குனிந்தே ஆரி வேலை செய்தவள். கொக்கி ஊசியால் அவள் போட்ட மயிலும் மாங்காயும் எத்தனையோ கல்யாணப் பெண்களின் முதுகில் ஏறின. பெயர் வாங்கியதெல்லாம் கடைக்காரம்மா. அதை உதறிவிட்டு, போன மாதம்தான் சொந்தப் பெயரில் ஆன்லைன் வகுப்பு அறிவித்தாள். துணிச் சட்டத்துக்கு மேலே ஸ்டாண்டில் தொங்கும் வெப்கேமராதான் இப்போது அவளுடைய கடை. ஊசிமுனை நூலைக் கொக்கிபோட்டு இழுப்பது தெரியாவிட்டால் வகுப்பே இல்லை.

சனிக்கிழமை ஏழரைக்கு முதல் வகுப்பு. ஏழு மணிக்குச் சட்டத்தின் முன் உட்கார்ந்து நிமிர்ந்தால், ஸ்டாண்டில் வெறும் கிளிப் தொங்கியது. அதே நேரம் போன் சிணுங்கியது. தெருவிலுள்ள சர்ச் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்தின் வாட்ஸாப் குழுவில் பிரகாசம் ஒரு படம் போட்டிருந்தான். கன்னங்கறுப்பில் ஒரு வெள்ளை வளையம், நடுவில் ஓட்டை. "சனிக்கிரகம், வளையத்துடன். நசரத்பேட்டை நம் வீட்டு மாடியிலிருந்து." அதற்குள் கும்பிடும் கைகள் வரிசை கட்டியிருந்தன. ஒருவர் "ஆமென்" போட்டிருந்தார்.

ரோஸி மாடியேறினாள். மகளின் லேப்டாப் முன்னால் பிரகாசமும் பக்கத்து வீட்டு ஜீவாவும் குந்தியிருந்தார்கள்.

"இன்னாய்யா இது?"

"சனி, ரோஸி! வளையம் எப்டி கீது பாத்தியா!"

"வளையம் கீது. சனி எங்க?"

பிரகாசம் திரையைப் பார்த்தான். ஜீவாவும் பார்த்தான்.

"நடுவுல இருட்டா கீதுல்ல... அதான்."

"மெதுவடைய போட்டோ புடிக்க என் கேமராதான் கெடச்சுதா? கிளாஸுக்கு டைம் ஆவுது. கயட்டு."

"இரு, ரெக்கார்டிங் ஓடிக்கினு கீது!"

"நானே கயட்டிக்கிறேன்." கேமராவைப் பிடித்திருக்கும் திருகு என்று நினைத்து, பக்கத்திலிருந்த ஃபோகஸ் குமிழைத் திருப்பினாள்.

"ஏய் தொடாத! கஷ்டப்பட்டு வளையத்தக் கொண்டாந்துகீறேன்!"

வளையம் சுருங்கியது. ஓட்டை மூடிக்கொண்டது. "போச்சு, சனிய ஊத்தி மூடிட்ட!" என்று பிரகாசம் தலையில் கை வைத்தான். ரோஸி அசராமல் இன்னும் திருப்பினாள். திரையில் வெளிர்மஞ்சளாய் ஒரு சின்னத் தட்டு வந்து நின்றது. குறுக்கே இரண்டு பழுப்புக் கோடுகள். பக்கத்தில் ஒரே வரிசையில் மங்கலாக மூன்று புள்ளிகள். பகலெல்லாம் வெந்த தளத்தின் சூட்டில், தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் அது நடுங்கியது.

ஜீவா போனை வானத்துக்கு நேரே தூக்கினான். "அண்ணாத்தே, ஆப்புல இத வியாழன்னு போட்டுக்கீது. சனி அந்தாண்ட மேற்கால கீதாம்."

ரோஸியின் வாயில் தயாராக இருந்த வசவு அங்கேயே நின்றது. ஒரு மூச்சு நேரம்தான்.

"ரோஸி, அந்தக் கைய எடுக்காத," பிரகாசத்தின் குரல் கெஞ்சியது. "ஒரு போட்டோக்கு ஆயிரம் படம் புடிச்சு சேக்கணும். ரெண்டே நிமிசம்."

"உன் வியாழன் நாளைக்கும் வரும். என் கிளாஸுக்கு வந்தவங்க வருவாங்களா? லென்ஸு எங்க?"

பிரகாசம் சட்டைப் பையிலிருந்து டிஷ்யூ சுருளை எடுத்து நீட்டினான். அவள் கேமராவை உருவினாள். திரை வெளுத்தது.

"குரூப்புல மொதல்ல அது சனி இல்லன்னு போடு."

"இப்ப எப்டி ரோஸி? ஃபாதரே கும்பிட்டுக்கீறாரு."

"வளையத்த வச்சிக்கினு நீயும் கும்பிடு," என்று லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

லென்ஸைப் பொருத்தி, நூலிழை நூலிழையாகத் திருகி, ஊசிமுனை துலங்கியபோது வகுப்புக்கு நேரம் கடந்திருந்தது. ஸ்பீக்கரில் ஒரு பெண் கேட்டாள். "மேடம், வருவீங்களா மாட்டீங்களான்னு இருந்தோம். ரெண்டு பேரு கெளம்பிட்டாங்க."

பொய் எதுவும் சட்டென்று வாயில் வரவில்லை. "வியாழன் கிரகத்தப் பாத்துட்டு வந்தேன்மா."

யாரோ மைக்கை ஆன் செய்தார்கள்.

"தெரிஞ்சுதா மேடம்?"

"தெரிஞ்சுது. குறுக்கால ரெண்டு கோடு. ரெண்டும் ஆடிக்கினு கீது. எங்கிட்ட செயின் ஸ்டிச் அப்டி போட்டீங்கன்னா மொத்தமா பிரிச்சுடுவேன்." ஸ்பீக்கர் முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. ரோஸி சட்டத்தின்மேல் குனிந்தாள். "சரி, நூல எடுங்க."