விட்டுவந்த நம்பர்

ஞாயிற்றுக்கிழமை செம்பவாங்கில் ரயில் ஏறினால் தமிழ் கேட்கும். பேசுவது பயணிகள் இல்லை. மேலே இருக்கிற ஒலிபெருக்கி. மற்ற மூன்று மொழிகளும் முடிந்தபின் நம் மொழி வரும். சந்தேகப்படும்படி பொருளோ ஆளோ கண்டால் சொல்லச் சொல்லும். வந்த புதிதில் யாரோ நம்மூர்ப் பெண் என்று திரும்பிப் பார்த்தேன். இப்போது அது கேட்டதும் கீழே வைத்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். உள்ளே துண்டும் தண்ணீர்ப் புட்டியும்தான். இருந்தாலும் வைத்துக்கொள்கிறேன். என் தம்பி ரஹீம் விஷயத்துக்குப் பிறகு வந்த பழக்கம்.

ரஹீமும் முன்பு இங்கேதான் இருந்தான். கட்டட வேலை. நான் கப்பல் பட்டறையில். ஒரே டார்மிட்டரி. வேலை முடிந்து வந்து அறைக்கே அவன்தான் சமைப்பான். பர்மிட் முடிந்து ஊருக்குக் கிளம்பியபோது எல்லாரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். இங்கே ஒருத்தர் ஊருக்குப் போனால் வாளி, குக்கர், தலையணை எல்லாவற்றையும் கட்டிலில் விட்டுவிட்டுப் போவார். அடுத்து வருகிறவர் எடுத்துக்கொள்வார். சிம் கார்டும் அப்படித்தான். டாப்-அப் மிச்சம் இருக்கும், வீணாக்குவானேன் என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். ரஹீம் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்தான். அவர் போகும்போது இன்னொருவருக்கு. அதன்பிறகு யார் கைக்குப் போனது என்று தெரியாது.

ஊரில் இதில் தப்பு ஒன்றும் இல்லை. நாகூர்ப் பக்கம் எங்கள் சந்தில் வெகுநாள் ஒரே ஒரு போன்தான் இருந்தது, எங்கள் வீட்டில். நாலு வீட்டுக்கும் அதில்தான் அழைப்பு வரும். உம்மா வாசலில் நின்று குரல் கொடுப்பார், கை ஈரத்தோடு ஓடி வருவார்கள். நம்பர் என்பது வீட்டுக் கிணறு மாதிரி. யார் வேண்டுமானாலும் இறைக்கலாம். இங்கே நம்பர்தான் ஆள். எங்களுக்கு அது தெரியவில்லை.

பிறகு ரஹீம் ஜொகூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையலுக்குச் சேர்ந்தான். கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவில். போன வருஷம் லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி ஜொகூர் போனபோது அவன் கைப் பிரியாணியைச் சாப்பிட்டுப் பார்த்து, இங்கே வேலைக்கு எழுதிப் போட்டார். அனுமதியும் வந்தது. ரஹீம் ஜொகூர்க் கடையை விட்டு நின்று, பெட்டியோடு பாலம் ஏறினான். நான் ஜாலான் புசாரில் புதுத் தலையணை வாங்கி வைத்தேன்.

பாலத்துச் சோதனைச் சாவடியில் அவனைத் தனி அறைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். வந்தவர் தமிழ் அதிகாரி. ஒரு சீட்டைக் காட்டிக் கேட்டிருக்கிறார்.

"இது உங்க நம்பரா?"

"ஆமா சார், என் நம்பர்தான்." பழைய நம்பர் மறக்கவில்லையே என்று இவனுக்குச் சந்தோஷம்.

"இப்ப யார்கிட்ட இருக்கு?"

"தெரியாது சார். அப்பவே குடுத்துட்டேன்."

அவர் எழுதிக்கொண்டார். வெகுநேரம் கழித்து வந்து, "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அந்த நம்பர் வேறு எந்த நாட்டிலோ பிடிபட்ட ஒருவனுடைய போனில் இருந்திருக்க வேண்டும். அது எங்கள் ஊகம். அதற்கு மேல் தெரிந்துகொள்ள வழி இல்லை.

அறையில் கேலி செய்தார்கள். "உன் தம்பி பெரிய ஆளுடா. நம்மள ஒரு நாட்டுக்கே தெரியல, அவன ரெண்டு மூணு நாட்டுக்குத் தெரியுது." நானும் சிரித்தேன். அன்று இரண்டு பேர் தங்கள் போனிலிருந்து என் நம்பரை அழித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை.

போன ஞாயிறு முதலாளியைப் பார்க்கப் போனேன். கல்லாவில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே கூட்டிப் போனார்.

"மறுபடி எழுதிப் போடலாமா மொதலாளி?"

"போட்டேன் தம்பி. ரிஜெக்ட். ஏன்னு சொல்ல மாட்டாங்க லா."

"நான் நேர்ல போய்க் கேக்கட்டுமா?"

"நீ பேசாம இரு. என்னையே கூப்பிட்டுக் கேட்டாங்க. நான் பொறந்தது இங்க, பட்டாளத்துல நேஷனல் சர்வீஸ் பண்ணது இங்க. எனக்கே இந்தக் கதி. உன் பர்மிட்டும் போயிரும், பாத்துக்க." ஒரு தட்டை எடுத்து வைத்துச் சொன்னார்: "சமையலுக்குத் திருச்சி ஆள் ஒருத்தர் வரார், புதன்கிழமை. மனசுல வெச்சுக்காதே. சாப்பிட்டுப் போ."

சாப்பிட்டேன்.

நாடுகள் சேர்ந்து காவல் காப்பதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ரயிலில் யாராவது எதையாவது வைத்தால் நானும்தான் சாவேன். ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் சொல்லட்டும். என் தம்பியைப் பற்றியும் சொல்லிக்கொண்டார்கள். அவனிடம் மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜொகூர்க் கடையில் அவன் இடத்தில் வேறு ஆள் சேர்த்தாகிவிட்டது. அங்கேயும் அவன் பர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை. நாளை அவனுக்கு ஊருக்கு விமானம். ஊரிலிருந்து துபாய்க்கு எழுதினாலும் அந்தச் சீட்டு முன்னாலேயே போய் நிற்கும். படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், வாளியை விட்டுவிட்டு வாருங்கள். சிம்மை உடைத்துப் போடுங்கள்.

இன்று சாயங்காலம் உட்லண்ட்ஸ் கடலோரம் போனேன். எதிரே ஜொகூர்க் கட்டடங்கள். ரஹீம் அந்தக் கரையில் நின்று போனில் கூப்பிட்டான். அண்ணனை எங்கள் பக்கம் நானா என்போம்.

"நானா, செவப்புத் துண்ட ஆட்டறேன். தெரியுதா?"

கரையில் எல்லாம் புள்ளிதான். "தெரியுது" என்றேன்.

"நீங்க கையத் தூக்குங்க."

தூக்கினேன். அவனும் தெரிகிறது என்றான். பிறகு பேச்சு அறுந்தது. போனில் ஒரு செய்தி வந்தது. மலேசியாவுக்கு உங்களை வரவேற்கிறோம் என்று. இந்தக் கரையில் அப்படி நடக்கும், அந்தப் பக்கத்து சிக்னல் இழுத்துக்கொள்ளும். முன்பெல்லாம் சிரிப்போம். இன்று, என் நம்பர் அக்கரைக்குப் போய்விட்டதை யார் எங்கே குறித்துக்கொள்கிறார்களோ என்று நினைத்தேன். போனை அணைத்துவிட்டேன்.

அவன் இன்னும் துண்டை ஆட்டிக்கொண்டிருப்பான். நான் தூக்கிய கையை இறக்காமல் நின்றேன்.