கூண்டு இல்லாத கோர்ட்டு

போடியில் நான் வேலை பார்த்த ஏலக்காய்க் கடைக்கு ஒரு காவலாளி இருந்தார். பட்டாளத்திலிருந்து வந்தவர். அவர் பூட்ஸில் முகம் பார்த்துத் தலை சீவலாம். எதைக் கண்டாலும் உதட்டைப் பிதுக்குவார். முதலாளியின் புதுக் கார்கூட அதற்குத் தப்பவில்லை.

ஒரு மதியம் சாப்பிடும்போது என் போனில் ராணுவ நீதிமன்றப் படம் ஓடியது. சிப்பாய் ஒருவன் கூண்டில் நின்று, கர்னல் செய்த கொடுமையை அவர் முகத்துக்கு நேரே சொல்கிறான். அந்த நடிப்பில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எட்டிப் பார்த்த காவலாளி உதட்டைப் பிதுக்கினார்.

“அங்கன ஏது தம்பி கூண்டு? நாற்காலிதேன். இப்படிக் கத்துனா வெளிய தள்ளிருவாக.”

எனக்கு எரிச்சல் வந்தது. “நீங்க போயிப் பாத்தீகளாக்கும்?”

“சாட்சியே நாந்தேன். எங்கூட இருந்தவன ஆபீசர் அடிச்சத நான் பாக்கவே இல்லன்னு சொல்லிட்டு வந்தேன்.”

போனை அணைக்கப் போனேன்.

“அணைக்காத. அந்தப் பய பேசுற எடத்த இன்னொரு தடவ போடு.”

போட்டேன். கடைசிவரை பார்த்துவிட்டு மறுபடியும் உதட்டைப் பிதுக்கினார். யாரைப் பார்த்து என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.