ரெண்டு ரெண்டாக உட்கார வைத்தவர்

வேங்கிக்காலில் இருக்கிறது எங்கள் இல்லம். ஜெயிலிலிருந்து வெளியே வருபவர்கள் வீடு போய்ச் சேருவதற்கு முன்னால் சில மாதம் இங்கே தங்குவார்கள். ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு, பழைய சகவாசத்தை விட்டுப் பழகுவார்கள். நான் இங்கே சமையல். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனாலும் யாரும் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை; என் சாம்பார் அப்படி.

அந்த வருஷம் வந்த ஒருவர் பஸ்ஸில் பர்ஸ் அடித்து உள்ளே போனவர். ஜெயில் சமையல்கட்டில் சேர்ந்து, பந்தி பார்க்கும் அளவுக்கு வந்திருந்தார். பழைய கூட்டாளி ஒருவன் எங்கள் கேட் வரைக்கும் வந்து கூப்பிட்டான். "வெங்காயம் உரிக்கணும், போடா" என்று அனுப்பிவிட்டார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அவர் மனைவிதான் பிடி கொடுக்கவில்லை. "பௌர்ணமிக்கு மலை சுத்த வர்றேன். நேர்ல பார்த்துட்டுத்தான் கூட்டிட்டுப் போறதா வேணாமானு சொல்வேன்" என்று போனில் சொல்லியிருந்தாள்.

பௌர்ணமிதோறும் அடி அண்ணாமலையில் எங்கள் அன்னதானம் உண்டு. அவள் சொன்ன பௌர்ணமியன்று சாயங்காலம் எலுமிச்சை சாதத்துக்குக் கூட்டம் நெருக்கியது. நம்மாள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு, "ரெண்டு ரெண்டா உக்காரு! பேசக் கூடாது!" என்று ஒரு அதட்டல் போட்டார். வேட்டி, பேன்ட், பட்டுப்புடவை எல்லாம் அப்படியே ரோட்டோரம் குந்திவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் முந்திக்கொண்டது.

"யோவ், இது என்ன ஜெயிலா?" என்று கத்திவிட்டேன்.

கத்திய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வரிசையே அவரைத் திரும்பிப் பார்த்தது. பெரியவர் ஒருவர் நீட்டிய தொன்னையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நம்மாள் முகம் செத்துப்போனது. ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. கரண்டியை வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கோங்க. நான் உள்ள இருந்துட்டு வந்தவன். அங்க இப்படித்தான் சோறு போட்டேன், பழக்கம் போகல. நீங்க நின்னே வாங்கிக்கோங்க."

கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து, நேராக வந்து தொன்னையை நீட்டினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டே சாதம் போட்டதைப் பார்த்ததும் அது யாரென்று எனக்குப் புரிந்துவிட்டது. அங்கேயே நின்று, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

"நாலு பேர் எதிர்ல நீங்க உண்மை பேசி இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றாள். "சுத்திட்டு வர்றேன். துணிமணி எடுத்து வைங்க, வீட்டுக்குப் போலாம்."

அவர் குனிந்து அண்டாவையே கிளறிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"வாயைத் திறந்து பதில் சொல்லுய்யா!"

"போறேன்க்கா" என்றார், என்னைப் பார்த்து. அவளைப் பார்க்கும் தைரியம் இன்னும் வரவில்லை.